பேரில்லாப் பத்திரமும் தைலம்மாளின் ரஸ்க் டப்பாவும்

அந்தக் கோடையில் தைலம்மாளுக்கு இரண்டு தொல்லைகள் வந்து சேர்ந்தன. ஒன்று போலீஸ். இன்னொன்று பி.காம். இரண்டாம் ஆண்டு. போலீஸாவது வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடும். பி.காம். இரண்டு மாதம் இருக்கும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தது.

கடிதத்தோடு வந்தவன் பெயர் அறிவுச்செல்வன். திருக்கோவிலூர்க்காரன். அப்பாவுக்கு ஆற்றோரம் நாலு ஏக்கர் கரும்பு. அவனோடு படித்தவர்கள் எல்லாம் கோடை விடுமுறைப் பயிற்சி என்று மெட்ராஸுக்குப் போய், வங்கியிலும் பங்குத் தரகர் ஆபீஸிலும் காற்றாடிக்குக் கீழே நாற்காலி பிடித்துவிட்டார்கள். இவன் எட்டு இடத்துக்கு எழுதிப் போட்டான். எட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தாலுகா ஆபீஸில் இருந்த மாமா, "சேமிப்பு, முதலீடு, ஆலோசனை எல்லாத்தையும் ஒரே ஆளு பாக்குற எடம் ஒண்ணு இருக்குதுடா, போ" என்று கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்.

அந்த ஒரே ஆள்தான் தைலம்மாள். அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். வயது முப்பது. பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் பாஸ். புருஷன் பிச்சைமுத்து மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு இறக்கப் போனால் அரவைப் பருவம் முடிந்துதான் வருவான். ஆபீஸ் என்று பார்த்தால் காலனியில் மூன்றாவது வீடு, வாசலில் ஒரு கீற்றுப் பந்தல், பந்தலுக்குக் கீழே ஒரு ஆடு.

மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கால்குலேட்டரைக் கையில் பிடித்தபடி பந்தலுக்கு வந்தவன், "குட் மார்னிங் மேடம்" என்றான்.

தைலம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஆடு மட்டும்தான் இருந்தது.

"யார் வேணுங்க?"

"உங்களத்தான் மேடம். செல்வத்த நிர்வாகம் பண்றது எப்படின்னு உங்ககிட்ட ரெண்டு மாசம் பயிற்சி."

"செல்வமா?" தைலம்மாள் தன் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "எனக்கே தெரியாம எங்கனா இருக்குதா, தேடிப் பாருங்க."

அவள் முகவரான கதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு முன்னால் இருந்த முகவர் ஒரு ஆம்பளை. மேலத்தெருப் பெண்கள் பால் விற்றும் கோழி விற்றும் சேர்த்த காசை அவனிடம் கட்டுவார்கள். அவன் சாயங்காலம் டீக்கடையில் அவரவர் புருஷன்மார்களோடு உட்கார்ந்து, யார் எவ்வளவு கட்டியிருக்கிறாள் என்று வரிசையாக ஒப்பித்துவிடுவான். மறுநாள் காலையில் அந்தக் காசு வீட்டுக்காரன் சட்டைப் பைக்குப் போய்விடும். அப்போதுதான் தைலம்மாள் முகவர் அட்டையோடு வந்தாள். மேலத்தெரு ஆம்பளைகளோடு உட்கார்ந்து டீ குடிக்க முடியாத முகவர்! அவள் காலனிக்காரி, அந்தக் கடையில் அவளுக்கு வெளிப்பக்கம்தான் தம்ளர். பெண்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? எந்த வாசல்படியை அவள் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தார்களோ, அந்தப் படிதான் அவள் தொழிலுக்கு முதல் போட்டது.

படிக்குக் கீழே நின்றுதான் வசூல். காசைப் படியில் வைப்பார்கள், அவள் எடுத்துக்கொள்வாள். அவளுக்கும் சில கறார்கள் உண்டு. புதிதாகப் பணம் போடுகிறவர்களிடம் முதல் தடவை போகும்போது வாங்கவே மாட்டாள். "மூணு வாட்டி வருவேன். மூணாம் வாட்டியும் மனசு மாறலன்னா குடுங்க" என்பாள். மாறாத மனசுதான் ஐந்து வருஷம் தாங்கும் என்பது அவள் கணக்கு.

அறிவுச்செல்வனுக்கு இது பொறுக்கவில்லை. மூன்று நடைக்கு ஆகும் நேரத்தைக் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினான்.

"அந்த மிஷின்ல மனசு மாறுறதுக்குப் பட்டன் இருக்குதா தம்பி?"

இல்லை என்று ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து மேடம் போய் அக்கா வந்தது.

அவன் வட்டி சதவீதத்தை விளக்கக் கிளம்பிய அன்றைக்கும் அப்படித்தான். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எத்தனை சதவீதம் வேண்டும் என்று மாட்டுக்கொட்டகைச் சுவரில்கூட எழுதியிருந்தது. கைநாட்டு வைக்கிற கிழவிக்கும் சதவீதம் தண்ணி பட்ட பாடு. "அத்த நாங்க மறியல்லயே படிச்சிட்டோம், அடுத்த பாடத்துக்குப் போ" என்று மேலத்தெருக் கொளஞ்சியம்மாள் அவனை வாயடைத்து அனுப்பினாள்.

அப்போது அஞ்சலகத்தில் ஒரு பத்திரம் விற்றார்கள். இன்றைக்கு ஐநூறு கட்டினால் ஐந்து வருஷத்தில் ஆயிரம். அதில் வாங்கினவர் பெயர் இருக்காது. யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம். தொலைந்தால் தொலைந்ததுதான். ஊரில் இதற்குப் பேரில்லாப் பத்திரம் என்று பெயர். பெயர் இல்லாததுதான் அதன் அழகே; புருஷன் கையில் சிக்கினாலும் யாருடையது என்று எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதே.

பெயர் இல்லாத குறையை வீட்டுக்கு வீடு ஒரு மாதிரியாகத் தீர்த்துக்கொண்டார்கள். பத்திரம் கைக்கு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒருத்தி நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவாள். ஒருத்தி நடுவில் குங்குமம் வைப்பாள். மேலத்தெரு ஆண்டாள் மூன்று விரலால் விபூதி இழுப்பாள்.

முதல் வாரத்திலேயே இதைப் பார்த்து அறிவுச்செல்வனுக்கு வேர்த்துவிட்டது. மேலத்தெரு நடுவில் நின்று, "அரசாங்கப் பத்திரத்துல கறை படக் கூடாதுங்க. நாளைக்கு வாங்க மாட்டோம்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று பிரசங்கம் வைத்தான். பாப்பாத்தி என்று ஒருத்தி, அந்தத் தெருவிலேயே பெரிய வாய்க்காரி. அவளே பயந்துபோய், ஈரத்துணியால் மஞ்சளை ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டாள்.

"எதுக்கு தம்பி அவங்களப் பயமுறுத்தற? அவங்க பத்திரம், அவங்க மஞ்சள்" என்றாள் தைலம்மாள்.

அடுத்த வாரம்தான் போலீஸ் வந்தது. போன புரட்டாசியில் அந்தப் போராட்டத்துக்காக ரோட்டில் மரம் சாய்த்த வழக்கு. மேலத்தெரு ஆம்பளைகள் கோமுகி அணையைச் சுற்றிக்கொண்டு கல்வராயன் மலைமேல் ஏறிவிட்டார்கள். ஆள் கிடைக்காத கோபத்தில் போலீஸ் டிரங்குப் பெட்டிகளைத் தெருவில் கவிழ்த்தது. புடவையும் பாத்திரமும் பறந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். பேரில்லாப் பத்திரம் பறந்தால்?

ஒரு நடுப்பகலில், போலீஸ் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பாப்பாத்தி தலையில் சாணிக்கூடையோடு காலனிப் பக்கம் வந்தாள். பிறந்து வளர்ந்ததிலிருந்து அந்தத் தெருவில் அவள் கால் வைத்ததில்லை.

"ஏ தைலம்மா, உங்க தெருவுல போலீஸ் தேடாது இல்ல?"

"நாங்க மரம் வெட்டலயேம்மா."

"அதான்." கூடைக்குள் கை விட்டு, வாழைச் சருகில் சுற்றிய பத்திரத்தை எடுத்தாள். எடுத்தவள் வழக்கம்போல் படியைத் தேடினாள். காலனி வீட்டுக்கு ஏது படி? ஒரு கணம் தடுமாறி, ஆட்டுத்தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, "பத்திரம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நடந்தாள்.

இரண்டு நாளில் பத்தொன்பது சாணிக்கூடைகள் வந்து போயின. காலனியில் பத்திரம் வைத்திருந்த ஐந்து பேரும் எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்தார்கள். தைலம்மாளுடையது ஒன்று. ஆக இருபத்தைந்து. எல்லாவற்றையும் ஒரு பழைய ரஸ்க் டப்பாவில் வைத்தாள்.

பட்டியல் எழுதவில்லை. எழுதினால் அது மலைமேல் இருக்கிறவர்களின் வீட்டு விலாசமாகிவிடும். யாராவது போலீஸிடம் எடுத்துக் கொடுத்தால் தீர்ந்தது. அதனால் அடுக்கிய வரிசைதான் கணக்கு. மாரியம்மன் கோவிலடியிலிருந்து இடது பக்க வீடுகள், பிறகு வலது பக்கம். அதற்குமேல் ஒரு சிவப்பு ரவிக்கைத் துணி. துணிக்கு மேல் காலனி. எதை எடுத்தால் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

"தம்பி, எத்த வேணா தொடு. இந்த டப்பாவத் தொடாத" என்றும் சொல்லி வைத்தாள்.

பையனுக்கு அவள்மேல் பாசம் வந்திருந்த நேரம். பாசம் வந்தால் படித்தவன் கை சும்மா இருக்காது. ஒரு வியாழக்கிழமை அவள் கள்ளக்குறிச்சி அஞ்சலகத்துக்குப் போயிருந்தபோது, அக்காவுக்கு ஒரு உதவி செய்வோம் என்று டப்பாவைத் திறந்தான். ஆயிரம் தனி, ஐநூறு தனி, இருநூறு தனி என்று பிரித்தான். ஒவ்வொன்றையும் வரிசை எண்படி அடுக்கினான். ரப்பர் பேண்ட் போட்டான். ரவிக்கைத் துணியை அழகாக மடித்து ஓரமாக வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் சேதி வந்தது. ஆம்பளைகளுக்கு முன்ஜாமீன் கிடைத்துவிட்டது; இன்றிலிருந்து தினமும் பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சி ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்; அவர்கள் போன நேரம் பார்த்துப் பெண்கள் பத்திரத்தை வாங்கிப்போக வருகிறார்கள்; பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஆம்பளைகள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

தைலம்மாள் டப்பாவைத் திறந்தாள். ரப்பர் பேண்டைப் பார்த்தாள். மடித்த துணியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருது எதுன்னு இனிமே எப்படிடா சொல்லுவேன்?"

அறிவுச்செல்வனுக்குப் புரியவில்லை. "இன்னாக்கா ஆச்சி? யார் எவ்வளவுக்கு வாங்குனாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஆயிரத்துக்காரங்களுக்கு ஒரு ஆயிரம் குடுங்க. எல்லாம் ஒரே நாள்ல வாங்குனது, தேதியும் ஒண்ணு, மதிப்பும் ஒண்ணு. யாருக்கும் அஞ்சு பைசா நஷ்டமில்ல."

கல்லூரிக் கணக்கில் அவன் சொன்னது முழுக்கச் சரி. தைலம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கொளஞ்சியம்மா கோழி வித்து வாங்குன ஆயிரத்த ஆண்டாளு கையில குடுத்தா, ஆண்டாளு வாங்கிக்குவாளா? காலனிப் பத்திரம் மேலத்தெருவுக்குப் போயிடுச்சின்னு ஒருத்தி சொன்னா போதும். மாத்திட்டா, திருடிட்டான்னு சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். எட்டு வருஷம் தெருவுலயே நின்னு சேத்தது தம்பி இது. அவங்க என்னிய வாசல்ல ஏத்தல. ஆனா ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல."

"நான் சொல்லிடறேங்க்கா, நான்தான் கலச்சேன்னு."

"உன்னிய நம்பியா குடுத்தாங்க?"

எழுந்தாள். பந்தலுக்குக் கீழே இருந்த ஆட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டினாள். பெரிய கோரைப்பாய் ஒன்றை விரித்தாள். இருபத்தைந்து பத்திரத்தையும், ஒன்றின்மேல் ஒன்று படாமல் வரிசையாகப் பரப்பினாள். காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின்மேலும் ஒரு புளியங்கொட்டை.

பெண்கள் கும்பலாக வந்தார்கள். காலனி ஐவரும் ஓரமாக நின்றார்கள். தைலம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"என் வூட்ல இருக்கும்போது எல்லாம் கலந்துபோச்சிங்க. என் தப்புதான். ஒண்ணும் தொலையல, இருபத்தஞ்சும் இருக்குது. அவங்கவங்களுது அவங்கவங்களுக்கே தெரியும். பாத்து எடுத்துக்குங்க."

எல்லோரும் பாப்பாத்தியைப் பார்த்தார்கள்.

"நான்தாங்க கலச்சேன்" என்றான் அறிவுச்செல்வன். தொடாதே என்றால் தொடுகிறவன், பேசாதே என்றால் மட்டும் கேட்பானா?

பாப்பாத்தி அவன் பக்கம் திரும்பினாள். "மஞ்சளத் தொடைக்கச் சொன்னதும் நீதான?"

"ஆமாங்க."

"ஒன்னிய யாருடா படிக்க வெச்சது?"

சிரிப்பு வந்தது யாருக்கோ. சிரிப்பு வந்ததும் கால்கள் நகர்ந்தன. முதலில் ஆண்டாள்தான் குனிந்தாள். "தோ, என் மூணு விரலு!" விபூதிக் கோட்டின்மேல் தன் விரல்களை வைத்துக் காட்டினாள், அச்சாகப் பொருந்தியது. கொளஞ்சியம்மாள் மண்டியிட்டு ஒவ்வொன்றாக மோந்துகொண்டே போனாள். அடுப்புக்கு மேலே கீற்றில் செருகி வைத்திருந்தவள் அவள். ஏழாவதில் நின்றாள். "பொகை வாசன. என்னுது." காலனிச் சாலம்மாளுடையதில் அவள் வீட்டுக்காரரின் பீடி நாற்றம், அதை மேலத்தெருக்காரி ஒருத்தியே மோந்துபார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏ சாலம்மா, இது ஒன்னுதுதான், எடு எடு" என்று தள்ளிவிட்டாள். ஒன்று சுருக்குப்பைக்காகப் பதினாறாக மடிக்கப்பட்டிருந்தது. ஒன்றின் மூலையில் சீம்பால் கறை. யாருடையதும் அல்லாத பத்திரம், கையில் இருந்தால் காசாகிற பத்திரம். ஆனால் ஒருத்திகூட அடுத்தவளுடையதைத் தொடவில்லை. எந்நேரமும் வரப்புச் சண்டை போடுகிறவர்கள்கூட, "இது அவளுதுடி" என்று எடுத்துக் கொடுத்தார்கள். மேலத்தெருவும் காலனியும் ஒரே பாயில் தவழ்ந்துகொண்டிருப்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. ஆடு மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்குப் பாயில் மிச்சம் இரண்டு.

இரண்டும் ஆயிரம். ஒரே தேதி. எந்த அடையாளமும் இல்லை. ஒன்று, மஞ்சளைத் துடைத்த பாப்பாத்தியுடையது. இன்னொன்று தைலம்மாளுடையது. அவள் தன் பத்திரத்துக்கு எதுவும் பூசியதில்லை. அவள் வீட்டுச் சாமிக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

பாப்பாத்தி இரண்டையும் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மோந்தாள். நாக்கால் தொட்டும் பார்த்தாள். துடைத்த துணி சுத்தமான துணி போலிருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. இரண்டையும் பாயில் திரும்ப வைத்தாள்.

இவள் ஒரு வார்த்தை சொன்னால் தைலம்மாளின் எட்டு வருஷம் அந்தப் பாயோடு சுருண்டுவிடும். அது பாப்பாத்திக்கும் தெரியும்.

"நீ ஒண்ண எடு" என்றாள் பாப்பாத்தி.

"நீங்க எடுங்கம்மா."

"எடுன்றன். நான் தப்பா எடுத்துட்டா நீ வாயத் தொறக்க மாட்ட. மனசுலயே வெச்சிக்கினு கெடப்ப. நீ தப்பா எடுத்தன்னா நான் ஊரக் கூட்டுவன். அதனால நீயே மொதல்ல எடு."

தைலம்மாள் குனிந்து இடது பக்கம் இருந்ததை எடுத்தாள். பாப்பாத்தி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டாள்.

"வூட்ல மஞ்சள் இருக்குதா?"

"இருக்குதும்மா. எங்க வூட்டு மஞ்சள்..."

"மஞ்சள்தான கேட்டேன்?"

தைலம்மாள் உரசிக் கொண்டுவந்த மஞ்சளைப் பாப்பாத்தி விரலில் தொட்டு, நாலு மூலையிலும் அழுத்தி வைத்தாள். பிறகு பத்திரத்தை அறிவுச்செல்வன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இப்பக் கலைடா பாப்போம்."

பாலத்தடியில் பன்னிரண்டு மணி பஸ் ஹாரன் அடித்தது. சாணிக்கூடைகள் பறந்தன.

பாயைச் சுருட்டும்போது அறிவுச்செல்வன் கேட்டான். "நெஜமாவே உங்களுது எதுன்னு தெரியாதாக்கா?"

"தெரியும். நான் எடுத்ததுதான், நாப்பத்தேழுல முடியுற நம்பரு. மொத மொதல்ல எனக்குன்னு வாங்குனது, மறக்குமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"எழுதி வெக்காத நம்பர நான் வாயால சொன்னா, அவங்க நம்பித்தான ஆவணும்? அந்த நேரத்துல நம்பிக்கைய நான் கேக்கக் கூடாது தம்பி. அவங்களா குடுக்கணும்."

"குடுக்கலன்னா?"

தைலம்மாள் ஆட்டை அவிழ்க்கப் போனாள். கொடுப்பார்களா என்று தெரியாமலேதான் அவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றிருக்கிறாள் என்று பையனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜூன் கடைசியில் அவன் கல்லூரிப் படிவத்தை நீட்டினான். ஒழுக்கம், நேரம் தவறாமை, ஆவணங்களைக் கையாளும் திறன் என்று கட்டம் கட்டமாக இருந்தது. முதல் இரண்டிலும் தைலம்மாள் 'நல்லது' என்று எழுதினாள். மூன்றாவதில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, 'டப்பாவைத் தொடாமல் இருந்தால் இதுவும் நல்லது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் அதை அழிக்கச் சொல்லவில்லை. மடிக்காமல், பையில் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போனான்.

ஒரே நாளில் மேலத்தெரு திருந்திவிட்டது என்று சொன்னால் தைலம்மாளே சிரிப்பாள். அடுத்த மாதமும் அவள் படிக்குக் கீழேதான் நின்றாள். பாப்பாத்தி தன் மாதக் காசைப் படியில்தான் வைத்தாள். ஆனால் அன்றைக்கு அவள் பின்னால் அவள் மருமகள் நின்றிருந்தாள், கையில் ஐநூறு ரூபாயோடு.

"இவளுக்கும் ஒரு பத்திரம் வாங்கிக் குடு தைலம்மா. மூணு வாட்டியெல்லாம் நடக்காத. நான் சொல்றன், இப்பவே வாங்கிக்கினு போ."

தைலம்மாள் படியில் இருந்த காசை மட்டும் எடுத்து எண்ணிப் பையில் போட்டாள். மருமகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூணு வாட்டி வருவேங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.